மீதி வைக்காமல் குடித்த தேநீர்

போன மாதம் ஆம்பூர் பஜாருக்கு, ஜனங்களை டீ குடிக்கப் பழக்குகிற கம்பெனி டீ வண்டி ஒன்று வந்தது. காக்கி உடுப்புப் போட்ட ஒருவன் அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்க வைத்து, தேயிலை எவ்வளவு, பால் எவ்வளவு என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, மண் குவளைகளில் ஊற்றி வருவோர் போவோருக்கெல்லாம் சும்மாவே கொடுத்தான். எங்கள் தோல் பதனிடும் ஷாப்புப் பையன்கள் குடித்துவிட்டு மறுபடியும் போய் வரிசையில் நின்றார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன்.

"இன்னா நைனா, எப்பனா டீ குடிச்சிருக்கியா?" என்று கேட்டான் வேலு. நான் வேலையை விட்ட பிறகு தோல் தரம் பிரிக்கும் மேஜைக்கு வந்தவன் அவன். எங்கள் தெருக்காரன் இல்லை; ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். நல்ல பையன்.

"குடிச்சிருக்கேன். ஜப்பான்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தோல் தூசி நைனாவின் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஒருவன் சொன்னான். வேலு மட்டும், "மெய்யாலுமா நைனா? அப்படின்னா சொல்லேன்" என்று விடாமல் பிடித்துக்கொண்டான். பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன். அவன் தினமும் வீட்டுக்கு வந்து கேட்கிறான். அந்தத் தொல்லைக்காகவே இதை எழுதுகிறேன். இல்லையென்றால் பழையதைக் கிளறுகிற தெம்பு எனக்கு இல்லை.

என் பெயர் தேவசகாயம். மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தேன். அப்பன் செத்ததும் படிப்பை விட்டுத் தோல் ஷாப்பில் சேர்ந்தேன். முதலில் ஊறல் தொட்டி, பிறகு சுண்ணாம்புத் தொட்டி, பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீர். கை வெந்து, நகம் கறுத்து, கடைசியில் தரம் பிரிக்கும் மேஜைக்கு வந்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதே கதைதான்.

மேஜைக்கு என்னைக் கொண்டுவந்தவர் காதர் சாயபு. முதலாளியின் சொந்தக்காரர், ஷாப்பின் மானேஜர். பெரிய உடம்பு, தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஒரு தோலை நான் தவறான அடுக்கில் போட்டால் லேசாகத் தொண்டையைக் கனைப்பார். அவ்வளவுதான். நான் அதைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முதலில் மேல்புறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு மடித்துக் கட்டைவிரலால் அழுத்தி, விரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். கடைசியில் முதுகெலும்பு ஓடிய கோட்டில் உள்ளங்கையை ஓட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கனைப்பு வந்துவிடும். கனைப்பு வராத நாள் எனக்குத் திருநாள்.

அவரோடு நான் ஜப்பான் போகும் வரை இரண்டு விஷயம் மாறவில்லை. அவர் நாற்காலியில் உட்காருவார், நான் நிற்பேன். கிடங்கில் முன்பக்கம் ஒரு தண்ணீர்ப் பானை உண்டு. அது கணக்குப்பிள்ளைகளுக்கும் கிராமத்து ஆட்களுக்கும். எங்கள் தெரு ஆட்களுக்குப் பின்பக்கம், சுண்ணாம்புத் தொட்டியை ஒட்டி வேறொரு பானை. இதை யாரும் உத்தரவு போட்டு வைக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தே அப்படி இருந்தது. பக்ரீதுக்குச் சாயபு வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் கறி வரும், தாராளமாக வரும். அவருடைய அண்ணன் தம்பிகள் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதை நான் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்து, லண்டனுக்குப் போகிற கப்பல்கள் ஒழுங்காக வராமல் போன காலம் அது. அப்போது ஜப்பானிலிருந்து ஒரு வியாபாரி எங்கள் ஆட்டுத் தோலைக் கேட்டார். பெரிய சரக்கு அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததும் தந்தி வந்தது: தோலில் கறை, மொத்தமாகத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று. முதலாளிக்கு அன்றே காய்ச்சல் கண்டது. புதுத் தோல் வாங்குவதை நிறுத்தினார்கள். தொட்டிகள் காய்ந்து வெடித்தன. எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடுகள் கூடின. என் தம்பி சின்னப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோலார் தங்கவயலுக்குப் போக மூட்டை கட்டினான்.

"நேர்ல போய்ப் பார்க்கணும். நீயும் வா" என்றார் சாயபு.

"நானா? கப்பல்லயா சாயபு?"

"தோலைப் பார்க்கறது யாரு? நானா? எனக்குக் கண்ணு கம்மியாயிட்டு வருதுப்பா. யாருகிட்டயும் சொல்லாதே."

கப்பல் பிரயாணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வாந்தி எடுத்தேன். கோபே துறைமுகத்தில் இறங்கினோம். அங்கே ஹசன் பாய் என்கிற பம்பாய்க்காரர், ஒரு வியாபாரக் கம்பெனி குமாஸ்தா, எங்களுக்குத் துபாஷியாக வந்தார். அவருக்கு ஜப்பான் பாஷை தெரியும். அவரும் சாயபுவும் உருதுவில் பேசிக்கொள்வார்கள். ஆம்பூர்க்காரனான எனக்கும் அது புரியும். மூன்று பேரும் ரயில் ஏறி ஹிமேஜி என்கிற ஊருக்குப் போனோம்.

ஊர் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு பழைய கோட்டை. அதைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்தோம். ஆற்றின் பெயர் இச்சிகாவா. கூழாங்கல் மேல் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது முதலில் நம்பவே முடியவில்லை. கிட்டே போனால் அந்தத் தண்ணீரில் மாட்டுத் தோல்களைக் கல்லில் கட்டி ஊறப் போட்டிருந்தார்கள். கரையில் ஆட்கள் தோலை மிதித்துக்கொண்டிருந்தார்கள். உப்பும் கடுகெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயும் போட்டு மிதித்து, வெயிலில் காயப்போட்டு வெள்ளைத் தோலாக ஆக்குகிற வேலை. பல தலைமுறையாக அந்தக் கரையில் அதுதான் தொழிலாம். எனக்கு அந்த வாடை அடித்ததும் கண் கலங்கிவிட்டது. பாஷை தெரியாத தேசத்தில் எங்கள் தெரு வாடை.

எங்கள் தோலை வாங்கிய வியாபாரி அந்தப் பேட்டைக்காரர்தான். மொரி என்று பெயர்; எழுபதைத் தாண்டியவர். நாங்கள் பெரியவர் என்றே சொல்லிக்கொண்டோம். அவர் வீடு தெருவுக்கு ஒடுங்கி, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கறுத்துப்போன மரச் சட்டங்கள். தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளிருந்து பார்த்தால் தெருவே தெரியும். கூரையில் கனமான சாம்பல் நிற ஓடு. கொல்லைப்பக்கம் தீப்பிடிக்காதபடி சுண்ணாம்புச் சாந்தில் ஒரு முழம் பருமனுக்குச் சுவர் எழுப்பிய வெள்ளைக் கிடங்கு. அதற்குள் எங்கள் ஆம்பூர் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

முதல் நாள் மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். தரையெல்லாம் கோரைப்பாய் தைத்துப் பதித்திருந்தது. ஆளுக்கொரு சின்ன மரத் தட்டு மேஜை: சோறு, பருப்பு புளித்த மாதிரி ஒரு சாறு, அதில் வாயில் கரைகிற வெள்ளைத் துண்டுகள், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், உப்புத் தடவிக் குச்சியில் குத்திச் சுட்ட ஆற்று மீன்.

"பன்றிக் கொழுப்பு ஏதாவது?" என்று சாயபு மூன்று தடவை கேட்டார்.

"மீன்தான் ஜனாப், மீன்தான். என்னை நம்புங்க" என்றார் ஹசன் பாய்.

இரண்டு குச்சியால் சாயபு சோற்றைத் துரத்தினார். அது அகப்படவில்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துவிட்டுக் கையால் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. மீன் ருசியாக இருந்தது. சாற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாப்பிட்டதும் வேலை. கிடங்கை ஒட்டிய அறையில் நானும் பெரியவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடுவே தோல் குவியல். அந்த அறையின் கதவுகளுக்குக் காகிதம் ஒட்டியிருந்தது. அதன் வழியாக வருகிற வெளிச்சத்தைப் போல நான் அதுவரை பார்த்ததில்லை. கூசாது, நிழல் விழாது, சின்னக் கறைகூடத் தப்பாது. ஆம்பூரில் இப்படி ஒரு கதவு இருந்தால் சாயபுவின் கண் இன்னும் பத்து வருஷம் உழைத்திருக்கும் என்று தோன்றியது.

பெரியவர் ஒரு தோலை எடுத்தார். மேல்புறம் பார்த்தார், மடித்து அழுத்தினார், முகர்ந்தார், முதுகுக் கோட்டில் கையை ஓட்டினார். சாயபு கற்றுக்கொடுத்த அதே வரிசை. நான் திரும்பிச் சாயபுவைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லது அவருக்கு வலப்பக்கம், கெட்டது இடப்பக்கம். இருட்டும் வரை பிரித்தோம், மறுநாளும் பிரித்தோம். ஒரு தோலில் மட்டும் இரண்டு பேர் கையும் மோதின. அவர் கெட்ட பக்கம் இழுத்தார், நான் நல்ல பக்கம் இழுத்தேன். அவர் சிரித்து விட்டுக்கொடுத்தார். ஆனால் கறை உண்மைதான். கப்பலில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கெட்ட அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. கோலார் ரயிலில் ஏறுகிற சின்னப்பன் முகம் கண் முன்னால் வந்தது.

பெரியவர் எழுந்து துபாஷியிடம் ஏதோ சொன்னார்.

"நாளைக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிடறார். பதில் அதுக்கப்புறம் சொல்வாராம்" என்றார் ஹசன் பாய்.

"தேநீரா?" என்றார் சாயபு. "நம்ம தலை மேல கத்தி தொங்குது, இவரு டீ குடிக்கச் சொல்றாரா?"

"ஜனாப், இங்கே அது பெரிய மரியாதை. தப்பா ஏதாவது நடந்துடாம பார்த்துக்கணும்" என்றார் ஹசன் பாய்.

அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் சும்மா நடந்தோம். ஒரு கடையில் விலாங்கு மீனின் தலையைப் பலகையில் ஆணியடித்து நிறுத்தி, ஒரே இழுப்பில் கிழித்து, கரியில் வாட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். ஆற்றின் மறுகரையில் விளக்குகள் எரிந்தன. இந்தக் கரையிலிருந்து யாரும் பாலத்தைத் தாண்டிப் போவதையோ, அந்தக் கரையிலிருந்து யாரும் வருவதையோ நான் பார்க்கவில்லை. களைப்பில் அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை.

மறுநாள் கொல்லைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். பாசி படிந்த கற்கள், ஒரு மூங்கில் புதர், அதன் பின்னால் ஒரு மண் குடிசை. மண் சுவர், புல் கூரை. வாசல் என்று ஒரு பொந்து. உள்ளே போகிறவன் யாராக இருந்தாலும் மண்டியிட்டுத் தவழ்ந்துதான் போக வேண்டும். அந்தக் காலத்தில் ராஜாவானாலும் கத்தியை வெளியே வைத்துவிட்டுத் தவழ்வானாம். பணக்காரர்கள் செலவு செய்து குடிசை கட்டி, அதற்குள் குனிந்து நுழைவதை அங்கேதான் பார்த்தேன். எங்கள் தெருவில் நாங்கள் எல்லோரும் செலவில்லாமலே குனிந்து நுழைகிறோம்.

ஹசன் பாய் சாயபுவைத் தனியாக அழைத்து, உள்ளே நடந்துகொள்ள வேண்டிய முறைகளை விளக்கினார். முதலாளிமார் பேசும்போது தள்ளி நிற்பது என் பழக்கம்; அதனால் நான் தள்ளி நின்றேன். பிறகு, "நீ முன்னால போ, உள்ள எப்படி இருக்குன்னு பாரு" என்றார் சாயபு. என்னுடையது குனிந்து பழகிய உடம்பு, சட்டென்று நுழைந்துவிட்டேன். நான்கு பேர் நெருங்கி உட்காரத்தான் இடம். யார் காலிலும் படாமல், யார் கண்ணிலும் படாமல் உட்கார ஏற்ற மூலை எது என்று பார்த்தேன். ஒரு சித்திரச் சுருள் தொங்குகிற மாடத்தின் பக்கத்தில் கடைசி மூலை காலியாக இருந்தது. அங்கே போய் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

வாசலில் சாயபுவின் தொப்பி இடித்தது, பிறகு தோள் இடித்தது. ஹசன் பாய் பின்னாலிருந்து தள்ளினார். சாயபு உள்ளே வந்து விழுந்து, மூச்சு வாங்கி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்த ஹசன் பாயின் முகம் மாறியது. ஏன் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த மூலைதான் முதல் விருந்தாளியின் இடம்.

பெரியவர் வேறொரு சின்னக் கதவு வழியாக வந்து அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தார். கரி அடுப்பில் இரும்புக் கெண்டி முனகிக்கொண்டிருந்தது. இலை மாதிரி செய்த பயறு இனிப்பு கொடுத்தார். ஒரு கறுத்த கிண்ணத்தில் பச்சைத் தூளைப் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் துடைப்பத்தால் மெல்லக் குழைத்தார். அரைத்த மருதாணி மாதிரி கெட்டியாக வந்தது. அதை எடுத்து, குனிந்து, என் முன்னால் வைத்தார்.

ஒரே கிண்ணம். நிறைய இருந்தது. வேறு கிண்ணம் எங்கேயும் இல்லை.

இது எனக்குத்தான் என்று நினைத்து எடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் நாக்கு சுருண்டது. அப்படி ஒரு கசப்பு. தலையை நிமிர்த்தினால் சாயபு கையை லேசாக நீட்டியிருந்தார். ஹசன் பாய் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: மீதி அவர்களுக்கு. நான் வாய் வைத்த கிண்ணத்தில் மீதி சாயபுவுக்கு.

என் எச்சிலைச் சாயபு குடிப்பதா? வேண்டாம் என்று அவர் சொன்னால் பெரியவருக்கு அவமரியாதை. வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தால் அதை நான் எப்படித் தாங்குவேன்? இரண்டும் நடக்காமல் இருக்க ஒரே வழிதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து அத்தனையையும் குடித்தேன். அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துக் குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை வைத்தேன்.

"அரே, என்ன காரியம் பண்ணிட்டே" என்று ஹசன் பாய் உருதுவில் முணுமுணுத்தார். சரக்கு போயிற்று, ஷாப்பு போயிற்று, தெருவே போயிற்று என்று நினைத்தேன். வாயில் அந்தக் கசப்பு.

பெரியவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"ஏன் பங்கு வைக்கலைன்னு கேக்கறாரு" என்றார் ஹசன் பாய்.

நான் சாயபுவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "என் எச்சில நீங்க எப்படி சாயபு குடிப்பீங்க?"

சாயபு தொண்டையைக் கனைக்கவில்லை. ஹசன் பாயிடம் உருதுவில், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்க ஊர்ல இவன் ஜனங்க தொட்டதை மத்தவங்க சாப்பிட மாட்டாங்க. அதனால மிச்சம் வைக்காம குடிச்சுட்டான். எங்களுக்காக." கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது.

அதை ஹசன் பாய் சொன்னதும் பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, காகிதச் சன்னலைத் திறந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவர் பேசப் பேச ஹசன் பாய் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்தக் கரைக்காரங்க எங்க தோலை வாங்குவாங்க. எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க. எல்லாரும் சமம்னு சட்டம் மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு. இந்தக் குடிசை எங்கப்பா கட்டினது. இதுவரைக்கும் பாலத்தைத் தாண்டி வந்து ஒருத்தரும் இதுக்குள்ள குனிஞ்சதில்லை."

சன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தைக் கழுவி, மறுபடியும் குழைத்தார். இந்தத் தடவை அவரே முதலில் குடித்தார். குடித்த இடத்தை ஒரு காகிதத்தால் துடைத்து, கிண்ணத்தைத் திருப்பி எனக்குக் கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்தேன். துடைத்துத் திருப்பிச் சாயபுவின் முன்னால் வைத்தேன்.

சாயபு அதை இரண்டு கையாலும் எடுத்தார். கிண்ணத்துக்குள்ளேயே பார்த்தார். எனக்குத் தோலோ கப்பலோ சின்னப்பனோ நினைவில் இல்லை. இவர் குடிப்பாரா மாட்டாரா, அது ஒன்றுதான்.

குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"கசப்பு ஜாஸ்தி" என்றார் என்னிடம். "இதையா முழுசாக் குடிச்சே?"

நல்ல தோலை எடுத்துக்கொள்வதாகவும், கறை பட்டதைப் புகையிலைப் பை தைப்பவர்களுக்குத் தள்ளிவிடுவதாகவும், அடுத்த கப்பலுக்குச் சரக்கு அனுப்பச் சொல்லியும் பெரியவர் அன்றே சொல்லிவிட்டார். தேநீரால்தான் மனசு மாறியதா என்று ஹசன் பாயை விட்டுக் கேட்டேன். "நேத்தே முடிவு பண்ணிட்டேன். தோல் வேற, தேநீர் வேற" என்றாராம்.

திரும்பி வரும்போது கப்பலில் சாயபுவும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்கு வந்தோம். தொட்டிகளில் தண்ணீர் விட்டார்கள். சின்னப்பன் மூட்டையைப் பிரித்தான். ஒரு நாள் காலை கிடங்கில் பின்பக்கத்துப் பானையைக் காணோம். "ரெண்டு பானைக்குத் தண்ணி தூக்க ஆள் இல்ல. இனிமே ஒரே பானை" என்றார் சாயபு, கணக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆள் இருந்தான். கிராமத்து ஆட்கள் சிலர் வேலையை விட்டு நின்றார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்தப் பானையில் குடித்தது எங்கள் தெருக்காரர்களும் சாயபுவும்தான். அவர் மௌத்தான பிறகு வந்த மானேஜர் மறுபடியும் இரண்டு பானை வைத்தார். நான் வேலையை விடும் வரை இரண்டு பானைதான். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அலுத்துப்போயிருந்தது.

இவ்வளவையும் எழுதி வேலுவிடம் கொடுத்தேன். கீழே இருப்பது அப்புறம் சேர்த்தது.

டீ வண்டி நேற்று மறுபடியும் வந்தது. வேலு என்னைத் தேடி ஓடிவந்தான்.

"படிச்சேன் நைனா. அந்தக் கிண்ணம் வர்ற எடத்துல கண்ணு கலங்கிப்போச்சு. சாயபு பெரிய மனுசன் நைனா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அவனே வரிசையில் நின்று எனக்கு ஒரு குவளை டீ வாங்கி வந்தான். பாதி குடித்தேன். சூடாக இருந்தது. வாய் வைத்த இடத்தைத் துண்டால் துடைத்து, குவளையைத் திருப்பி, அவனிடம் நீட்டினேன்.

வேலு குவளையைப் பார்த்தான். பிறகு வரிசையில் நிற்கிற தன் ஊர்க்காரர்களைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"நீ குடி நைனா" என்றான். "நான் வேற வாங்கிக்கறேன். சும்மாதானே குடுக்கறாங்க."

போய் வரிசையில் நின்றுகொண்டான். மீதியையும் நானே குடித்தேன். சர்க்கரை நிறையப் போட்டிருந்தார்கள்.